கடனில்லாமல் எழுந்த கட்டடம்: லண்டன் போதகர் ஸ்பர்ஜனின் வாழ்க்கை



ஒரு கட்டடத்தைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம், கட்டியதைக் காப்பாற்றுவது அதைவிட எவ்வளவு கஷ்டம் என்பது அடுக்குமாடியில் வசிக்கும் நமக்குத் தெரியாததல்ல. பெயின்ட் அடிப்பது, லிஃப்ட் மாற்றுவது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அது பணத்தில்தான் வந்து நிற்கும். சிறப்பு வசூல் செய்வதா, வைப்புத் தொகையில் கை வைப்பதா, கடன் வாங்குவதா என்று விவாதம் நீளும். வங்கியில் கடன் பேரேடுகளோடு பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்த மாதிரி கணக்கு உள்ள கதைகள் எனக்குப் பிடிக்கும். அப்படி ஒரு கதையைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இடம் லண்டன். தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒரு பேட்டையில் இருக்கும் பாப்டிஸ்ட் திருச்சபை. அந்தச் சபைக்கு ஒரு பெரிய ஆலயத்தைக் கட்டியவர் சார்லஸ் ஹாடன் ஸ்பர்ஜன். நம்மிடையே கிறிஸ்தவக் குடும்பங்களில் பலர் அவருடைய தியானப் புத்தகங்களை வாசித்திருப்பீர்கள். மற்றவர்களுக்குப் பெயர் புதிதாக இருக்கலாம். நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், பொதுப் பணத்தில் பொதுக் கட்டடம் எழுப்பிய ஒரு மனிதரின் வரலாறாக இதைப் படியுங்கள்.

ஒரு சிலேட்டுக் குச்சியின் கடன்

ஸ்பர்ஜன் 1834 ஜூன் 19 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் கெல்விடன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் போதகர், தாத்தாவும் போதகர். வசதியான குடும்பம் இல்லை. சிறு வயதில் சில வருடங்கள் ஸ்டாம்போர்ன் கிராமத்தில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். அங்கே இருந்த பழைய புத்தகங்களின் நடுவேதான் படிக்கும் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது.

சிறு பையனாகப் பள்ளிக்குப் போன காலத்தில் ஒரு நாள் அவரிடம் சிலேட்டுக் குச்சி இல்லை. வாங்கக் காசும் இல்லை. வீட்டில் கேட்டால் திட்டு விழும் என்று பயந்து, தெருமுனைக் கடையில் கடன் சொல்லி ஒரு குச்சி வாங்கிவிட்டார். கடன் தொகை ஒரு ஃபார்திங், அதாவது பென்னியில் கால் பங்கு. அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அப்படியானால் ஒரு பவுண்டில் 960இல் ஒரு பங்குதான் அந்தக் கடன். விஷயம் எப்படியோ அப்பாவின் காதுக்கு எட்டியது. அவர் பையனைக் கூப்பிட்டு, கடன் என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீண்ட நேரம் புத்தி சொல்லி, கையோடு கடைக்கு அனுப்பிக் கடனை அடைக்க வைத்தார். வழி நெடுக அழுதுகொண்டே போன அந்தப் பையன், காசைக் கொடுத்த பிறகுதான் மூச்சுவிட்டான். பிற்காலத்தில் பொதுமக்களுக்காக எழுதிய ஒரு புத்தகத்தில் இந்தச் சம்பவத்தை அவரே சிரிப்பும் சீரியசுமாகச் சொல்லியிருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

1850 ஜனவரியில், 15 வயதில், கடும் பனி பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல்செஸ்டர் ஊரில் அவர் ஒரு சிறிய மெதடிஸ்ட் ஆலயத்துக்குள் நுழைந்தார். அங்கே கேட்ட எளிய பிரசங்கம் அவர் மனத்தை மாற்றியது. அதே வருடம் மே மாதம் 3ஆம் தேதி ஐல்ஹாம் என்ற இடத்தில் லார்க் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார்.

இங்கே பாப்டிஸ்ட்கள் என்றால் யார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பல சபைகளில் குழந்தை பிறந்ததும் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பாப்டிஸ்ட்கள் அப்படிச் செய்வதில்லை. விவரம் தெரிந்த வயதில், தானாக விசுவாசித்து வருபவருக்குத்தான் ஞானஸ்நானம். அதுவும் தெளிப்பு இல்லை, முழுக்கு. இதனால் அவர்களுடைய ஆலயத்தில் ஆள் இறங்கி முழுகும் அளவுக்கு ஒரு தொட்டி இருக்கும். ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். போதகரைத் தேர்ந்தெடுப்பதும், கட்டடம் கட்டுவதும், கணக்குப் பார்ப்பதும் அந்தச் சபை உறுப்பினர்களின் பொறுப்பு. நம் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இருநூறு பேர் இருந்த சபை

ஸ்பர்ஜன் பல்கலைக்கழகம் போனவரில்லை. பள்ளியில் உதவி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே கிராமங்களில் பிரசங்கம் செய்தார். 1851இல், 17 வயதில், கேம்பிரிட்ஜ் அருகே வாட்டர்பீச் கிராமத்தில் கூரை வேய்ந்த ஒரு சிறு ஆலயத்துக்குப் போதகரானார். இரண்டே வருடத்தில் அவர் பேச்சுத் திறன் லண்டன் வரை எட்டியது.

அவரைக் கூப்பிட்டது லண்டன் சதர்க் பகுதியில் இருந்த நியூ பார்க் தெரு ஆலயம். அது சாதாரண சபை அல்ல, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்கள் கூடுவதே குற்றமாக இருந்த காலத்தைக் கண்டது. அதன் ஆரம்பகாலப் போதகர்களில் ஒருவரான பெஞ்சமின் கீச், சிறுவர்களுக்குப் பாடப்புத்தகம் எழுதியதற்காக 1664இல் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டவர். பின்னர் ஜான் கில் என்பவர் 51 வருடம், ஜான் ரிப்பன் என்பவர் 63 வருடம் போதகராக இருந்தார்கள். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு இரண்டே பேர்!

அந்தச் சபைக்கு வீடு மாறுவதும் புதிதல்ல. புதிய லண்டன் பாலத்துக்குப் பாதை போடுவதற்காக அவர்களுடைய பழைய ஆலயம் இடிக்கப்பட்டது. கிடைத்த இழப்பீட்டில் 1833இல் நியூ பார்க் தெருவில் கட்டினார்கள். இடம் சரியில்லை. ஆற்றோரத் தாழ்வான பகுதி, சுற்றிலும் மதுபான ஆலையும் தொழிற்சாலைகளும். 1,200 பேர் உட்காரக்கூடிய ஆலயத்துக்கு, ஸ்பர்ஜன் வந்தபோது உறுப்பினர்கள் வெறும் 232 பேர்.

1854இல் அவர் போதகரானபோது வயது 19. சில மாதங்களில் ஆலயம் நிரம்பியது. பிறகு நடைபாதை நிரம்பியது. பிறகு ஜன்னல் விளிம்புகளிலும் ஆட்கள். புழுக்கம் தாங்கவில்லை. மேல் ஜன்னல்களின் கண்ணாடியை எடுத்துவிடுங்கள் என்று அவர் நிர்வாகிகளிடம் பலமுறை கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பார்த்தால் கண்ணாடிகள் உடைந்து கிடந்தன. உடைத்தவரைக் கண்டுபிடித்தால் பரிசு கொடுக்கலாம் என்று ஸ்பர்ஜன் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொன்னாராம். உடைத்தது அவருடைய கைத்தடிதான்! நிர்வாகக் கமிட்டியில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

கடைசியில் ஆலயத்தை விரிவுபடுத்தினார்கள். அந்த வேலை நடந்த சில மாதங்கள் எக்ஸிட்டர் ஹால் என்ற பெரிய அரங்கில் ஆராதனை நடந்தது. திரும்பி வந்தபோது விரிவுபடுத்திய ஆலயமும் போதவில்லை. பத்திரிகைகள் அவரைக் கேலிச் சித்திரம் போட்டுக் கிண்டல் செய்தன. அது கூட்டத்தை இன்னும் அதிகமாக்கியது. ஒரேயடியாகப் பெரிய ஆலயம் கட்டிவிடுவது என்று 1856 இலையுதிர் காலத்தில் சபை முடிவெடுத்தது. அதுவரைக்கும் ஓர் இடம் வேண்டுமே? சர்ரே தோட்டத்தில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த இசை அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார்கள். சுமார் 10,000 பேர் கொள்ளும் அரங்கம் அது.

அக்டோபர் 19, 1856

முதல் ஆராதனை ஞாயிற்றுக்கிழமை மாலை. அரங்கம் நிரம்பி வழிந்தது. உள்ளே நுழைய முடியாமல் வெளியேயும் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். ஸ்பர்ஜன் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் யாரோ தீ தீ என்று கத்தினார்கள். தீ எதுவும் இல்லை. ஆனால் பயந்த கூட்டம் அதையெல்லாம் யோசிக்குமா? மக்கள் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். மாடிப்படியின் கைப்பிடிச் சுவர் உடைந்தது. கீழே விழுந்தவர்கள் மிதிபட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள், பலர் படுகாயம் அடைந்தார்கள்.

மேடையில் இருந்த ஸ்பர்ஜனுக்கு நடந்தது முழுமையாகத் தெரியவில்லை. கூட்டத்தை அமைதிப்படுத்தப் பார்த்தார். பேசு என்று சிலர் கத்தியதால் கொஞ்சம் பேசவும் செய்தார். உண்மை தெரிந்ததும் சுருண்டு போனார். அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

அவருக்கு வயது 22. அந்த வருடம் ஜனவரியில்தான் சூசன்னாவை மணந்திருந்தார். இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நண்பர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். வேதாகமத்தைப் பார்த்தாலே கண்ணீர் வரும் நிலை. மனம் பேதலித்துவிடுமோ என்று வீட்டார் பயந்தார்கள். சில பத்திரிகைகள் பழியை அவர் தலையிலேயே போட்டன. நவம்பர் 2ஆம் தேதி அவர் மறுபடியும் பிரசங்கத்துக்கு எழுந்து நின்றார். ஆனால் அந்த இரவு அவரை விட்டுப் போகவே இல்லை. கூட்டம் நெருக்கியடிக்கும் இடங்களில் கடைசி வரைக்கும் அவருக்கு உள்ளுக்குள் நடுக்கம் வரும் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மனச்சோர்வு வாழ்நாள் முழுக்க வந்து வந்து போனது. அதை அவர் மறைக்கவில்லை. தம் மாணவர்களுக்குப் பாடமாகவே அதைப் பற்றிப் பேசினார். மனநோய் என்ற பேச்சையே மூடி மறைத்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

நவம்பர் கடைசியில் அதே அரங்கத்தில் ஆராதனையை மறுபடியும் தொடங்கினார்கள், ஆனால் இந்தத் தடவை காலை வேளையில். ஏறக்குறைய மூன்று வருடம் அங்கேயே நடந்தது.

நடுவில் நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1857இல் இந்தியாவில் நடந்த பெரும் கிளர்ச்சியை ஒட்டி, அக்டோபர் 7ஆம் தேதியை உபவாச நாளாக பிரிட்டன் அரசு அறிவித்தது. அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பிரசங்கம் செய்யக் கூப்பிடப்பட்டவர் 23 வயது ஸ்பர்ஜன். வாயிலில் எண்ணிய கணக்குப்படி வந்தவர்கள் 23,654 பேர். ஒலிபெருக்கி என்ற ஒன்றே கிடையாத காலம் அது.

பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்

இனி கட்டடத்துக்கு வருகிறேன்.

நியூவிங்டன் பகுதியில், எலிஃபன்ட் அண்ட் காசில் என்ற சந்திப்புக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். பல சாலைகள் கூடும் இடம், நாலாபக்கத்திலிருந்தும் ஜனங்கள் வர வசதி. அந்த மனை மீன் வியாபாரிகளின் பழைய சங்கம் ஒன்றுக்குச் சொந்தம். அதை விற்க அந்தச் சங்கத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அதையும் வாங்கிவிட்டார்கள். குத்தகை மனை வேண்டாம், முழு உரிமையோடு கிடைக்கும் மனைதான் வேண்டும் என்பதில் ஸ்பர்ஜன் பிடிவாதமாக இருந்தார். பத்திரம் பார்த்துப் பழகிய எனக்கு இந்த இடத்தில் அவர்மீது மரியாதை கூடியது.

வரைபடம் வில்லியம் வில்மர் போகாக் என்ற கட்டடக் கலைஞருடையது. அந்தக் காலத்து ஆலயங்கள் பெரும்பாலும் கூரான வளைவுகளோடு கோதிக் பாணியில் எழும்பின. ஸ்பர்ஜன் கிரேக்க பாணிதான் வேண்டும் என்றார். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி கிரேக்கம் என்பது அவர் சொன்ன காரணம். அதனால் முகப்பில் ஆறு பெரிய கொரிந்தியத் தூண்கள் எழுந்தன. உள்ளே இரண்டு அடுக்கு மாடங்கள். பிரசங்க மேடைக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி பளிங்குத் தொட்டி. ஆர்கன் கிடையாது. ஒருவர் முன்னின்று ராகத்தை எடுத்துக் கொடுக்க, ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுவார்கள்.

1859 ஆகஸ்ட் 16 அன்று சர் சாமுவேல் மார்ட்டன் பீட்டோ அடிக்கல் நாட்டினார். அவர் ரயில் பாதைகள் போட்ட பெரிய ஒப்பந்தக்காரர். பணம்தான் பெரிய மலை. மனை, கட்டடம் எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஆன செலவு 31,332 பவுண்டுச் சொச்சம். ஸ்பர்ஜன் ஒரு முடிவை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கடைசி பென்னி வரை கொடுத்துத் தீர்த்த பிறகுதான் கதவு திறக்கும். அடமானக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, வருடாவருடம் வட்டிக்கு உண்டியல் குலுக்கும் ஆலயங்கள் லண்டனில் நிறைய இருந்தன. அதை அவர் பார்த்திருந்தார். சிலேட்டுக் குச்சிக் கடை ஞாபகமும் கூடவே வந்திருக்க வேண்டும்.

பணம் எப்படி வந்தது? பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த, பெயர் வெளியிடாத ஒருவர் 3,000 பவுண்டு கொடுத்தார். இப்படி வந்த பெரிய தொகைகள் சில. மிச்சமெல்லாம் சிறு துளிதான். ஸ்பர்ஜன் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். பல இடங்களில் காணிக்கையில் பாதி உள்ளூர்ச் சபைக்கு, பாதி லண்டன் கட்டடத்துக்கு என்று பேச்சு. கைவேலைப் பொருட்களை விற்றார்கள். வேலைக்காரப் பெண்களும் கூலித் தொழிலாளிகளும் பென்னி பென்னியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் இரண்டு சோதனைகள் வந்தன.

ஒன்று, வாடகை அரங்கம். இசை அரங்கத்தின் இயக்குநர்கள் ஞாயிறு மாலைகளில் அங்கே கேளிக்கை நிகழ்ச்சிகள் நடத்தத் தீர்மானித்தார்கள். ஞாயிறு ஓய்வுநாள் என்பது ஸ்பர்ஜனின் கொள்கை. அப்படி நடத்தினால் வெளியேறிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். சொன்னபடியே 1859 டிசம்பரில் வெளியேறினார். புதிய ஆலயம் அப்போது அடிமட்டத்தைத் தாண்டியிருந்த நேரம். பத்தாயிரம் பேருக்கான இடத்தை விட்டுவிட்டு, அதைவிடச் சிறிய எக்ஸிட்டர் ஹாலுக்கே திரும்பினார்கள்.

இரண்டாவது, அமெரிக்கா. அவருடைய பிரசங்கங்கள் 1855 முதல் வாரம்தோறும் அச்சாகி, ஒரு பென்னி விலையில் விற்றன. அமெரிக்காவிலும் அமோக விற்பனை. அதில் வந்த வருமானம், ஏழை இளைஞர்களைப் போதகர்களாகப் பயிற்றுவிக்க அவர் 1856இல் தொடங்கிய கல்லூரிக்குப் பெரிய ஆதாரம். ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை நடந்துகொண்டிருந்தது. அங்கே அச்சான பதிப்புகளில் அடிமை முறைக்கு எதிரான பேச்சு இல்லையே என்று கேள்வி எழுந்தது. ஸ்பர்ஜன் மழுப்பவில்லை. அடிமை முறை பெரும் பாவம், அடிமைகளை வைத்திருப்பவரோடு நான் திருவிருந்தில் பங்கெடுக்க மாட்டேன் என்ற பொருளில் 1860இல் வெளிப்படையாக எழுதினார். விளைவு உடனே தெரிந்தது. தென் மாநிலங்களில் அவர் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். விற்பனை படுத்துவிட்டது. கல்லூரிச் செலவுக்குச் சொந்தக் குதிரை வண்டியை விற்றுவிடலாமா என்று கணவனும் மனைவியும் யோசிக்கும் நிலை வந்தது. பிறகு சபையே அந்தச் செலவில் கை கொடுத்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கையில் அரைகுறைக் கட்டடம், கடன் வாங்க மாட்டேன் என்ற வாக்கு, ஒவ்வொரு பென்னியும் தேவைப்படும் நேரம். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வரவுப் பக்கம் குறையும் என்று தெரிந்தே அவர் பேசினார்.

கட்டட வேலை நடந்த நாட்களில் ஒரு மாலை, வேலையாட்கள் போன பிறகு, சபை நிர்வாகி ஒருவரோடு அங்கே போனார். செங்கல், மரம், சாரம் எல்லாம் கிடந்த நடுவில் இருவரும் மண்டியிட்டார்கள். இந்த வேலையில் ஒரு தொழிலாளியின் உயிரும் போகக் கூடாது என்பது அவர்களுடைய வேண்டுதல். ஏழு உயிர் போன இரவைப் பார்த்தவருடைய வேண்டுதல் வேறு எப்படி இருக்கும்? வேலை முடியும் வரை ஓர் உயிர்ச்சேதமும் இல்லை.

1861 மார்ச் மாதம் ஆலயம் திறந்தது. மெட்ரோபாலிட்டன் டேபர்னாக்கிள் என்று பெயர். டேபர்னாக்கிள் என்பது வேதாகமத்தில் வரும் ஆசரிப்புக் கூடாரம். நின்றுகொண்டு கேட்பவர்களையும் சேர்த்தால் சுமார் 6,000 பேர். கடன் பாக்கி: இல்லை. அதே வருடம் ஜூன் மாதம், அவர்கள் விட்டுவிட்டு வந்த இசை அரங்கம் தீப்பிடித்து அழிந்தது.

திறந்த பிறகு

அடுத்த 30 வருடம் அந்த ஆலயம் ஞாயிறு இரண்டு வேளையும் நிரம்பியது. பழைய உறுப்பினர்களே எப்போதும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்களே, புதியவர்களுக்கு எப்போது இடம் என்ற கவலை ஸ்பர்ஜனுக்கு வந்தது. அதற்கு ஒரு வழி கண்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலை, உறுப்பினர்கள் யாரும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் வராமல் இருந்தார்கள். அன்று வெளியார் வந்து ஆலயத்தை நிரப்பினார்கள்.

பராமரிப்பும் இருந்தது. 1867இல் பழுது பார்ப்பதற்காகச் சில வாரம் மூட வேண்டி வந்தது. அந்த வாரங்களில் இஸ்லிங்டனில் இருந்த விவசாயக் கண்காட்சி அரங்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் கூடினார்கள்.

அதே காலகட்டத்தில் ஆன் ஹில்யார்டு என்ற விதவைப் பெண்மணி, அநாதைச் சிறுவர்களுக்காக 20,000 பவுண்டை அவரிடம் ஒப்படைத்தார். ஸ்டாக்வெல் பகுதியில் இல்லம் எழுந்தது. பிள்ளைகளை ஒரே கொட்டடியில் அடைக்காமல், தனித்தனி வீடுகளில் குடும்பம் மாதிரி வளர்க்க ஏற்பாடு. ஒரு பெண்மணி தம் வெள்ளி விழாத் திருமண நாளுக்குக் கணவர் கொடுத்த 500 பவுண்டை ஒரு வீடு கட்டக் கொடுத்தார். அது வெள்ளி விழா இல்லம் என்று பெயர் பெற்றது. தொழிலாளிகள் சேர்ந்து கட்டியது தொழிலாளர் இல்லம். 1879இல் சபை அவருடைய 25 வருடப் பணிக்காக 6,000 பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. அதில் பெரும்பகுதியைச் சபையின் முதியோர் இல்லத்துக்கே நிரந்தர நிதியாக வைத்துவிட்டார். நம் மொழியில் சொன்னால் கார்பஸ் ஃபண்ட்.

1888இல் அவர் வெளியிட்ட ஒரு தியானப் புத்தகத்துக்கு, விசுவாசம் என்னும் வங்கியின் காசோலைப் புத்தகம் என்று பொருள்படும் தலைப்பு. வேத வாக்குறுதி ஒவ்வொன்றும் ஒரு காசோலை. அதை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தால் பிரயோசனம் இல்லை, கவுண்ட்டரில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விளக்கம். வங்கிக்காரர் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கடைசி வருடங்களில் கீல்வாதம், சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு மூன்றும் அவரை வாட்டின. 1887இல் கொள்கை வேறுபாட்டால் பாப்டிஸ்ட் ஒன்றியத்தை விட்டு விலகியது, பல பழைய நண்பர்களையும் அவரிடமிருந்து பிரித்தது. 1891 ஜூன் 7 அன்று டேபர்னாக்கிளில் கடைசிப் பிரசங்கம். 1892 ஜனவரி 31 அன்று பிரான்சின் தென்கோடியில் மென்டோன் என்ற கடலோர ஊரில் காலமானார். வயது 57. உடல் லண்டன் கொண்டுவரப்பட்டு ஆலயத்தில் வைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானவர்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். 232 உறுப்பினர்களோடு அவர் எடுத்துக்கொண்ட சபையில் அப்போது 5,300க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அச்சுக்கு இருந்த பிரசங்கங்கள் அவர் இறந்த பிறகும் வாரம்தோறும் வந்துகொண்டே இருந்தன. முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டால்தான் 1917இல் நின்றன. மொத்தம் 63 தொகுதிகள்.

இரண்டு முறை எரிந்த ஆலயம்

அவர் மகன் தாமஸ் போதகராக இருந்தபோது, 1898 ஏப்ரல் 20 அன்று, ஆலயம் தீக்கிரையானது. முகப்புத் தூண்களும் அடித்தளமும் மட்டும் மிஞ்சின. 1900இல் மறுபடி கட்டித் திறந்தார்கள். 1941 மே 10 இரவு ஜெர்மானிய விமானங்களின் குண்டு வீச்சில் அந்தப் பகுதியே எரிந்தது, ஆலயமும் எரிந்தது. இந்த முறையும் முகப்பும் அடித்தளமும் நின்றன. போர் முடிந்து பல வருடம் கழித்து, 1957இல், பழைய முகப்புக்குப் பின்னால் முன்பைவிடச் சிறியதாக ஒரு கூடத்தைக் கட்டினார்கள். சபை இன்றும் அங்கே கூடுகிறது.

ஸ்பர்ஜனின் கணக்கை எடுத்துப் பார்த்தால், அவர் வாங்கியவற்றைவிட வேண்டாம் என்று சொன்னவை கண்ணில் படுகின்றன. வட்டிக் கடன் வேண்டாம் என்றார். கொள்கையை விட்டுக் கிடைக்கும் அரங்கம் வேண்டாம் என்றார். அடிமைகளின் முதுகில் ஏறி வரும் வருமானம் வேண்டாம் என்றார். ஒவ்வொரு தடவையும் கட்டடம் தாமதமாகிவிடும், கூட்டம் குறைந்துவிடும் என்ற பயம் நியாயமானதாகவே இருந்தது. அப்படியும் குறித்த காலத்தில் கடனில்லாமல் எழுந்தது. எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கடன் கொடுக்கும் தொழிலில் சோறு சாப்பிட்டவன் நான், நியாயமான கடனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுக் கட்டடத்துக்குச் செலவு செய்யும்போது, எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் பார்ப்பது எந்தச் சங்கத்துக்கும் நல்லதுதான்.

நம் குடியிருப்பில் லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் சிலர் உண்டு. அடுத்த தடவை போகும்போது பாதாள ரயிலில் பேக்கர்லூ தடத்தில் ஏறி, எலிஃபன்ட் அண்ட் காசில் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் எதிரேயே அந்த ஆறு தூண்கள் தெரியும். உள்ளே இருக்கும் கூடம் புதியது. தூண்கள் மட்டும் 1861இல் பென்னி பென்னியாகக் கொடுத்தவர்கள் பார்த்த அதே தூண்கள்.